மோட்டார் சைக்கிளின் பின்சக்கர டயர் அகலமும், செயின் - பெல்ட்டு இடைவெளியும்

கடலூர் ஜில்லாவில் மோட்டார் சைக்கிள் இக்காலத்தில் ஏறக்குறைய ஒரு விவசாயக் கருவியாகவே ஆகிவிட்டது. விதைநெல் மூட்டையும், உர மூட்டையும், மருந்து தெளிக்கும் கருவியும், பால் கேன்களும், பசும்புல் கட்டும் அதன்மேல் ஏற்றப்பட்டே வயலுக்கும் வீட்டுக்கும் போய் வருகின்றன. முன்னர் ஒற்றை மாட்டுவண்டி செய்து வந்த வேலையில் பெரும் பங்கை இன்று இரண்டு சக்கரங்களே செய்து விடுகின்றன. ஆயினும் இவ்வண்டி செப்பனிட்ட சாலைக்கென்று செய்யப்பட்டது. வாய்க்கால் கரைக்கென்று செய்யப்பட்டதன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி முதலிய பகுதிகளின் கரைப் பாதைகள் குழம்பாகிவிடும்போது, பின்சக்கரம் வழுக்குவதும், சேற்றில் புதைந்து வீணே சுழல்வதும் யாவரும் அறிந்ததே. இதற்குப் பரிகாரம் அகலமான டயர் ஒன்றை மாட்டிக் கொள்வதே என்று அநேகர் எண்ணுகிறார்கள். டயர் கடைகளிலும் அவ்வாறே யோசனை கூறப்படுகிறது. வாங்கிய டயர் ரிம்மில் ஏறிவிட்டால் காரியம் முடிந்தது என்பது பொதுவான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயம் தவறானது. டயர் ரிம்மில் ஏறுவது வேறு. ஏறிய டயர் தன் இடத்தில் எதையும் தொடாமல் சுழல்வது வேறு. பின்சக்கரத்தின் ஒரு பக்கத்தில் எஞ்சினின் சக்தியைக் கொண்டுவரும் செயின் ஓடுகிறது. சில வண்டிகளில் அதற்குப் பதிலாகப் பெல்ட்டு ஓடுகிறது. டயருக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடம் பெரும்பாலும் ஒரு விரற்கடைக்குள் அடங்கியது. அந்த இடத்தை டயர் விழுங்கிவிட்டால், முதலில் டயரின் பக்கச் சுவரில் வட்டமாக ஒரு கோடு விழும். பின்னர் அக்கோடு பள்ளமாகும். அதன் பின்னர் நூலடுக்கு வெளித் தெரியும். அந்நிலையில் கீறிய இடத்தில் டயர் வெடிக்கலாம். அல்லது செயின் பிறழ்ந்து டயருக்கும் சட்டத்திற்கும் நடுவே சிக்கிச் சக்கரம் ஒரே கணத்தில் நின்றுவிடலாம். வடவாற்றுக் கரையில், ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் பள்ளமான வயலும் இருக்க, இரண்டு பால் கேன்களோடு போகும் வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் நேரக்கூடியதை விவரித்துக் கூற வேண்டுவதில்லை.

ஆகையால் டயரை மாற்ற விரும்புவோர் பின்சக்கரத்தின் அமைப்பை ஒருவாறு அறிந்துகொள்வது அவசியம். பின்சக்கரம் ஸ்விங் ஆர்ம் என்னும் கவைபோன்ற சட்டத்தின் இரு கரங்களுக்கிடையே, ஆக்சிலில் கோக்கப்பட்டிருக்கிறது. கவையின் அடிப்பாகம் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு முளையில் அசையும்படி மாட்டப்பட்டுள்ளது. சக்கரத்தின் ஒரு பக்கத்தில், நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் இடப்பக்கத்தில், பல்சக்கரமும் அதன்மேல் செயினும் இருக்கின்றன. சாதாரண நூறு சி.சி. வண்டிகளில் செயினை முழுவதும் மூடிய தகரக் கூடும் உண்டு. அக்கூடு உள்ள வண்டியில் கணக்கிட வேண்டிய இடைவெளி டயருக்கும் செயினுக்கும் உள்ளதன்று. டயருக்கும் கூட்டின் உட்சுவருக்கும் உள்ளதே. அது இன்னும் குறைவு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். டயர் ரிம்மின் நடுவில் அமர்வதால், அதன் அகலம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி இடப்பக்கத்திலும் பாதி வலப்பக்கத்திலும் செல்லும். 80 மில்லிமீட்டர் டயரை எடுத்துவிட்டு 100 மில்லிமீட்டர் டயரை மாட்டினால் செயின் பக்கத்தில் இழக்கும் இடம் 10 மில்லிமீட்டர். பழைய டயருக்கும் செயினுக்கும் நடுவே 16 மில்லிமீட்டர் இருந்ததாக வைத்துக் கொள்வோம். புதிய டயரோடு 6 மில்லிமீட்டர் எஞ்சும். நின்ற வண்டியில் கண்ணால் பார்ப்பவருக்கு ஆறு மில்லிமீட்டர் தாராளமாகவே தோன்றும். ஆனால் பள்ளத்தில் விழுந்தெழும் ரிம்மில் இரண்டு மில்லிமீட்டர் கோணல் இருப்பது வெகு சாதாரணம். சேற்றுப் பாதைக்கென்று விற்கப்படும் கட்டி கட்டியான பூ அமைந்த டயரில், ஓரக் கட்டிகள் பக்கவாட்டில் நீட்டிக் கொண்டிருப்பதும் உண்டு. அதற்கு இரண்டு மில்லிமீட்டர். மிஞ்சுவது இரண்டே. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய செயின் பக்கவாட்டில் ஆடும் ஆட்டம் இந்த இரண்டைக் காட்டிலும் அதிகமாகும்.

டயரின் மேல் பொறித்துள்ள எண்களைப் படிக்கும் விதத்தையும் இங்கே கூறுவது பொருந்தும். 2.75-18 என்றால் டயரின் பெயரளவான அகலம் 2.75 அங்குலம், ரிம்மின் குறுக்களவு 18 அங்குலம். 100/90-17 என்றால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, ரிம் 17 அங்குலம். அங்குலக் குறியுள்ள டயர்கள் குறியைக் காட்டிலும் சில மில்லிமீட்டர் பருத்தே நிற்பது வழக்கம், 2.75 அங்குலம் என்பது கணக்கில் சுமார் 70 மில்லிமீட்டராயினும், காற்றடித்த பின் அளந்தால் 75-ஐ ஒட்டி வரும். ஆதலால் எண்ணை எண்ணோடு ஒப்பிட்டுத் தீர்மானிப்பதைக் காட்டிலும், மாட்டியிருக்கும் டயரையும் மாட்டப்போகும் டயரையும் அளவுகோலால் அளந்து ஒப்பிடுவதே சரியான முறை. புதிய டயர் சில வாரம் ஓடிய பின் மேலும் சிறிது பருக்கும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

ரிம்மின் அகலமும் டயரின் அகலத்தை மாற்றும். ஒரே டயரை அரை அங்குலம் அகலமான ரிம்மில் ஏற்றினால் அது சுமார் 5 மில்லிமீட்டர் விரியும். குறுகிய ரிம்மில் ஏற்றினால் அவ்வளவு சுருங்கும். சுருங்குவதால் இடம் மிஞ்சுகிறதே என்று மகிழ்வதற்கில்லை. குறுகிய ரிம்மில் நெருக்கப்பட்ட அகல டயரின் முதுகு கூனிவிடும். நடுப்பாகம் மட்டுமே தரையில் பதியும். எதை விரும்பி அகல டயர் வாங்கப்பட்டதோ அந்தப் பயனே இல்லாமற் போகும். நடுப்பூவும் விரைவில் தேய்ந்துவிடும்.

வண்டி செய்வோர் தாமே டயரை அகலமாக்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி 1955-ல் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கிற்று. அப்பழைய புல்லட்டில் பின்சக்கர டயர் 3.25-19, அதாவது பெயரளவில் சுமார் 83 மில்லிமீட்டர். அக்கம்பெனி 2021-ல் வெளியிட்ட புதிய கிளாசிக் 350 வண்டியின் பின்சக்கர டயரோ 120/80-18. வித்தியாசம் 37 மில்லிமீட்டர்; பக்கத்துக்குப் பதினெட்டரை. ஆனால் இது பழைய சட்டத்தில் புது டயரைத் திணித்ததன்று. சட்டம், ஸ்விங் ஆர்ம், எஞ்சின், செயின் ஓடும் கோடு யாவும் புதிதாக வகுக்கப்பட்டன. பழைய வண்டி வைத்திருப்போர் புதிய வண்டியைப் பார்த்து, அதே பெயருள்ள நம் வண்டிக்கும் அதே டயர் பொருந்தும் என்று எண்ணுவது, நாட்டு மாட்டின் நுகத்தடியைப் பெருங் காளையின் கழுத்தில் மாட்டப் பார்ப்பது போன்றது.

செயினைப் பற்றியும் சில விஷயங்கள் அறியத்தக்கவை. செயின் ஒரு கம்பியைப் போல் நேராக நிற்கும் பொருளன்று. மேலும் கீழும் துள்ளுகிறது. தேயத்தேயப் பக்கவாட்டிலும் நெளிகிறது. சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் காணப்படும் 428 என்னும் செயினில் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். உருளையின் அகலம் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. ஆனால் ஆணிமுனைகள் உட்பட முழு அகலம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். டயரை முதலில் தொடுவது இந்த ஆணிமுனைகளே. டயரின் பக்கத்தில் விழும் கோடு கத்தியால் கீறியதுபோல் இராமல் அரத்தால் தேய்த்ததுபோல் இருப்பதற்குக் காரணம் அதுவே. மூட்டுக் கண்ணியின் கிளிப் உட்புறமாக இருந்தால் இன்னும் விரைவில் தொடும்.

ஆக்சிலின் இருப்பிடமும் கவனிக்கத்தக்கது. புதுச் செயின் போட்டவுடன் ஆக்சில் முன்னால் தள்ளி இருக்கும். செயின் நீளநீள அதைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுவார்கள். கவையின் கரங்கள் அடியை நோக்கிச் செல்லச் செல்லக் குறுகுவது வழக்கம். ஆதலால் பழைய செயினோடு, ஆக்சில் பின்னால் இருக்கும்போது, இடைவெளி போதுமென்று அளந்துவிட்டு வீடு திரும்பியவர், அடுத்த மாதம் புதுச் செயின் மாட்டியபோது டயர் முன்னே நகர்ந்து கரங்களில் உரசுவதைக் காண்பார். ஆக்சில் எவ்வளவு முன்னால் வரக்கூடுமோ அவ்வளவு முன்னால் வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். மேலும், இருபக்கத்துத் திருகுகளையும் சமமாக முறுக்காவிட்டால் சக்கரம் சாய்ந்து நின்று, ஒரு பக்கத்து இடைவெளியைத் தின்றுவிடும். கரங்களில் வெட்டியுள்ள கோடுகள் இதற்காகவே உள்ளன. ஆனால் சேறு காய்ந்து படிந்து அக்கோடுகள் கண்ணுக்குத் தெரியாத வண்டிகளே அதிகம்.

இனிச் சேற்றைப் பற்றிக் கூற வேண்டும். டயர் கம்பெனிகளின் அட்டவணைகள் சொல்லாத விஷயம் இது. இந்த ஜில்லாவிலோ முக்கியமானது இதுவே.

1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அமைத்த கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வந்து வீராணம் ஏரியை நிரப்புகிறது. அந்த ஏரிப் பாசனமும் கொள்ளிடப் பாசனமும் உள்ள பூமி பெரும்பாலும் கனத்த களிமண். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். மழையில் மெழுகுபோல் ஒட்டும். இம்மண் டயரின் பூவில் ஏறி, சக்கரம் சுழலும்போது வெளியே தெறிக்காமல், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலும், டயருக்கும் செயின் கூட்டுக்கும் நடுவிலும் அடைந்து கொள்ளும். இரண்டு விரற்கடை இடம் இருந்தாலும் அடையும். குறைந்த இடமாயின் அடைந்து இறுகிவிடும். அதில் வைக்கோல் துணுக்கும் சேர்ந்தால் சுவர் வைக்கப் பிசைந்த மண்ணுக்கு ஒப்பாகும். அப்பொழுது பின்சக்கரத்திற்கு இரண்டாவது பிரேக் போட்டதுபோலாகி, எஞ்சின் முக்கும். கிளட்ச் தேய்ந்து புகையும். வண்டிக்காரர் எஞ்சினைக் குறை கூறுவார். மரக்குச்சியால் மண்ணைத் தோண்டி எடுத்தவுடன் வண்டி பழையபடி ஓடும்.

இதனால் சாலையில் ஓடும் வண்டிக்கு ஆறேழு மில்லிமீட்டர் போதுமென்று வைத்தாலும், களிமண் பகுதியில் டயரின் எந்தப் பக்கத்திலும் சுண்டுவிரல் தடையின்றி நுழையும் அளவாவது, அதாவது 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல், இடம் இருக்க வேண்டும். மட்கார்டுக்கு அடியில் இன்னும் அதிகம் வேண்டும். அகல டயர் மாட்டிய வண்டி சேற்றில் வழுக்காமல் போகிறதோ இல்லையோ, சேறு அடைந்து நின்றுவிடுவது குறுகிய டயர் வண்டியைவிட அதிகமே. ஒட்டும் மண்ணில் உயரமான, குறுகிய சக்கரம் நன்றாகப் போகும் என்பதை மாட்டுவண்டி செய்த தச்சர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

ஜில்லாவின் மற்றப் பகுதிகளில் நிலைமை வேறு. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும் பலாத் தோப்புகளிலும் செம்மணல். அது ஒட்டாது, ஆனால் எண்ணெய் பூசிய செயினில் ஏறி அரைக்கும். அகல டயருக்கு இடம் செய்யவென்று தகரக் கூட்டைக் கழற்றி எறிந்த வண்டிகளில் செயின் வெகு விரைவில் நீண்டு, பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்து போவதற்குக் காரணம் இதுவே. பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலான கடலோரக் கிராமங்களில் உப்புக்காற்று. அங்கே திறந்த செயின் துருப்பிடித்துக் கண்ணிகள் மடங்காமல் இறுகும். இறுகிய கண்ணி பல்சக்கரத்தின்மேல் ஏறும்போது செயின் பக்கவாட்டில் உதைக்கும். கூட்டைக் கழற்றுவோர் தாம் மிச்சப்படுத்திய சில மில்லிமீட்டரைச் செயின் விலையாகக் கொடுத்து விடுகிறார்கள்.

அகலம் உண்மையில் எவ்வளவு அனுகூலம் செய்கிறது என்பதையும் ஆராய வேண்டும். டயர் தரையில் பதியும் பரப்பு பெரும்பாலும் சுமையையும் காற்றின் அழுத்தத்தையும் பொறுத்தது. பின்சக்கரத்தின்மேல் 160 கிலோ சுமை இருக்கிறது. டயரில் சதுர அங்குலத்திற்கு 28 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ, காற்று இருக்கிறது. பதியும் பரப்பு ஏறத்தாழ 80 சதுர சென்டிமீட்டர். அதே அழுத்தத்தில் அகல டயரை மாட்டினாலும் பரப்பு அந்த 80-ஐ ஒட்டியே இருக்கும். நீளம் குறைந்து அகலம் கூடியிருக்கும், அவ்வளவே. புதைவது குறைய வேண்டுமாயின் அழுத்தம் குறைய வேண்டும். அகல டயர் அதே சுமையைக் குறைந்த காற்றில் தாங்க வல்லது. அவ்வளவில் அது நன்மை. ஆனால் அகல டயரை மாட்டிப் பழைய அளவே காற்றடிப்பவருக்கு அந்நன்மை கிட்டாது.

பாரம் ஏற்றுவதே நோக்கமாயின் பார்க்க வேண்டியது அகலத்தை அன்று, டயரின் பக்கத்தில் அளவை அடுத்துப் பொறித்துள்ள பாரக் குறியை. 52 என்றால் அந்த டயர் 200 கிலோ வரை தாங்கும். 56 என்றால் 224. 62 என்றால் 265. அளவு மாறாமலே பாரக் குறி உயர்ந்த டயர்கள் சில வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. பால் கேன் ஏற்றுவோருக்கு இவையே ஏற்றவை. வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தில் ஒருவர் ஏறினால் இவ்வளவு, இருவர் ஏறினால் இவ்வளவு என்று காற்றின் அளவு தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். பாரம் ஏற்றும் வண்டிக்கு இரண்டாவது அளவே பொருந்தும். இதைப் பார்த்துக் காற்றடிப்பவர் பதின்மரில் ஒருவரும் இரார்.

சில பட்டறைகளில் அகல டயருக்கு இடம் உண்டாக்க நான்கு வித உபாயங்கள் கையாளப்படுகின்றன. பல்சக்கரத்தின் அடியில் வளையம் வைத்துச் செயினை வெளியே தள்ளுவது ஒன்று. பின் பல்சக்கரத்தை மட்டும் தள்ளி முன் பல்சக்கரத்தை அப்படியே விட்டால் செயின் சாய்ந்து ஓடும். பல்லின் ஒரு பக்கம் தேயும். ஒரு நாள் கழன்றுவிடும். இரண்டையும் சமமாகத் தள்ள வேண்டும். முன் பல்சக்கரத்தின் தண்டில் அதற்கு இடமிருப்பது அரிது. கம்பிச் சக்கரமாயின் ஒருபக்கத்துக் கம்பிகளை முறுக்கி, மறுபக்கத்தைத் தளர்த்தி, ரிம்மையே செயினுக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்துவது இரண்டாவது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை இதனால் பெரிய தீங்கில்லை. அதற்குமேல் போனால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தடத்தில் ஓடா. வரப்பை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் இதன் பலன் உடனே தெரியும். கூட்டைத் தட்டி நசுக்குவது மூன்றாவது. தட்டிய தகரம் உள்ளே செயினில் உரசும். ஸ்விங் ஆர்மின் உட்புறத்தை அரைத்து மெல்லியதாக்குவது நான்காவது. இந்நான்காவதை எந்தக் காரணத்தாலும் செய்யலாகாது. அக்கரம் ஒடிந்தால் சக்கரமே வண்டியை விட்டுப் பிரியும்.

பெல்ட்டு ஓடும் வண்டிகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். பெல்ட்டு புதிதன்று. 1915-ல் வெளிவந்து முதல் உலக மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் படையினர் பெருவாரியாக உபயோகித்த டிரையம்ப் எச் மாடல் வண்டியின் பின்சக்கரம் ஆப்பு வடிவமான பெல்ட்டால் ஓட்டப்பட்டது. மழையில் அது வழுக்கியது. ஆகவே சில வருஷங்களுக்குள் செயின் அதன் இடத்தைப் பிடித்தது. ஆயில் எஞ்சினால் கிணற்று நீர் இறைத்த குடியானவர்களுக்கு இதன் இயல்பு நன்றாகத் தெரியும். எஞ்சின் சக்கரமும் பம்புச் சக்கரமும் நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் இராவிட்டால் பெல்ட்டு ஓரத்துக்கு நகர்ந்து கழன்று விழும். மோட்டார் சைக்கிளிலும் விதி அதுவே; தவறினால் விழும் இடம்தான் வேறு.

பல்லுள்ள பெல்ட்டு வந்த பின் வழுக்கும் குறை நீங்கிற்று. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பெனி 1980-ல் ஸ்டர்ஜிஸ் என்னும் வண்டியில் இதை அமைத்தது. அக்கம்பெனி 2014-ல் இந்தியாவில் வெளியிட்டு, 2020 வரை ஹரியானாவின் பாவலில் தயாரித்த ஸ்ட்ரீட் 750 வண்டியிலும் பெல்ட்டே இருந்தது. நம் மாகாணத்திலேயே ஓசூரில் செய்யப்படும் ஏதர் 450 மின்சார ஸ்கூட்டரும் பெல்ட்டால் ஓடுவது. அதன் பின்சக்கர டயர் 100/80-12. ஓலா மின்சார ஸ்கூட்டர்களில் முதலில் பெல்ட்டு இருந்தது. 2025-ல் அறிவிக்கப்பட்ட மூன்றாந் தலைமுறை வண்டிகளில் செயினுக்கு மாறினார்கள். ஆகவே இவ்விஷயம் பெரிய பட்டணத்துச் சங்கதி என்று கிராமத்தார் ஒதுக்கிவிட இயலாது.

பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், சப்தமில்லை, செயினைப்போல் அடிக்கடி இழுத்துக் கட்ட வேண்டுவதில்லை. ஆனால் செயினைவிட அது அகலமானது. டயருக்குரிய இடத்தை அவ்வளவுக்கு அடைத்துக்கொள்ளும். பழைய ஹார்லி வண்டிகளில் ஒன்றரை அங்குலப் பெல்ட்டு இருந்தது. பின்னர் அகல டயருக்கு இடம் வேண்டி, ஒன்றேயரைக்கால் அங்குலப் பெல்ட்டுக்கு மாற்றிக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. அதனால் கிடைப்பது ஒன்பதரை மில்லிமீட்டர். பெல்ட்டைக் குறுக்கினால் அது தாங்கும் இழுவையும் குறையும் என்பதால், வலுவான நூல் சேர்ந்த பெல்ட்டு செய்யப்பட்ட பின்னரே இம்மாற்றம் தகுந்ததாயிற்று.

செயினும் டயரும் உரசினால் பெரும்பாலும் அறுபடுவது டயர். பெல்ட்டும் டயரும் உரசினால் முதலில் கெடுவது பெல்ட்டு. அதன் ஓரத்து நூல்கள் ஒவ்வொன்றாக அறும். வெளியே அதிகம் தெரியாது. ஒரு நாள் மேட்டில் ஏறும்போது முழுவதும் அறுந்துவிடும். செயினைப்போல் கண்ணி போட்டு வழியிலேயே இணைக்க முடியாது. மேலும் சரளைப் பாதையில் ஒரு சிறு கல் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்திற்கும் நடுவே புகுந்தால் பெல்ட்டில் துளை விழும். கல் புகாமல் அடியில் வைத்துள்ள காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு அகல டயர் மாட்டுவது, விளைந்த வயலின் வேலியைப் பிடுங்கி விறகாக்குவதற்குச் சமம். பெல்ட்டு வண்டியில், கம்பெனி குறித்த டயர் அளவைத் தவிர வேறெதையும் களிமண், சரளைப் பாதையுள்ள கிராமங்களில் மாட்டாதிருப்பதே நல்லது.

கிராம உத்தியோகஸ்தர்கள் அறிய வேண்டிய சட்ட விஷயமும் ஒன்றுண்டு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது. இவ்விதியை உச்ச நீதிமன்றம் 2019-ல் ஒரு வழக்கில் உறுதிப்படுத்தியுள்ளது. சட்டத்தை அரைப்பதும், கரங்களை அகற்றுவதும் இவ்விதிக்கு முரணாகக் கூடியவை. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதில் தகராறு எழக் கூடும். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்கிறது. அகல டயர் உரசுகிறதென்று இக்காப்பைக் கழற்றிய வண்டிகள் கிராமங்களில் காணப்படுகின்றன. புடவைத் தலைப்பு சிக்கி நேரும் விபத்துகள் டயர் வழுக்கி நேரும் விபத்துகளைவிடக் கொடியவை. பின்னால் அமரும் பெண்மக்களுக்கு டயர் அளவைப் பற்றிய யோசனையில் யாதொரு பங்கும் இருந்திராது.

டயரை மாற்றத்தான் வேண்டுமென்று தீர்மானித்தவர் பின்வருமாறு அளந்து பார்க்கலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மண்ணை முற்றும் கழுவி, ஆக்சிலை முன்னுக்குத் தள்ளி நேராக வைக்க வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு என மில்லிமீட்டர் கணக்கில் சீவிய மூங்கில் துண்டுகளை டயருக்கும் செயினுக்கும் அல்லது கூட்டுக்கும் நடுவே நுழைத்து, தடையின்றி நுழையும் மிகத் தடித்த துண்டைக் குறித்துக் கொள்ள வேண்டும். சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றி எட்டு இடங்களில் இவ்வாறு பார்த்தால் ரிம்மின் கோணலும் வெளிப்படும். அவற்றுள் மிகக் குறைந்த அளவே கணக்குக்குரியது. மறுபக்கத்திலும் பிரேக் கம்பிக்கும் டயருக்கும் நடுவே அவ்வாறே செய்ய வேண்டும். அநேகர் செயின் பக்கத்தையே பார்த்து, டயர் மறுபக்கத்தில் உரசும் வரை அறியாதிருக்கிறார்கள். பிறகு இருவரை வண்டியின்மேல் உட்காரச் செய்து, மட்கார்டின் அடியிலும் செயினின் தொய்விலும் உண்டாகும் மாறுதலைக் கவனிக்க வேண்டும். ஆளில்லாமல் சரியாகத் தொய்ந்திருந்த செயின், பாரம் ஏறி ஸ்விங் ஆர்ம் உயரும்போது இறுகுவதைக் காணலாம்.

குறைந்த அளவிலிருந்து 10 மில்லிமீட்டரைக் கழித்து, எஞ்சியதை இரட்டிப்பது கணக்கு. குறைந்த அளவு 14 என்றால் எஞ்சுவது 4. டயரின் அளந்த அகலம் 8 மில்லிமீட்டர் வரை கூடலாம். 80-லிருந்து 90-க்கே அதில் இடம் போதாது. குறைந்த அளவு 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மாட்டியிருக்கும் டயர் அளவே இறுதி. புதிய டயரை மாட்டிய பின், முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் டயரின் இருபக்கச் சுவர்களையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். பளபளவென்று வட்டமாக ஒரு தடம் தெரிந்தால் அதுவே உரசலின் முதல் அடையாளம். அன்றே பழைய அளவு டயரை மாட்டிவிட வேண்டும். சம்பா நடவு முடிந்து மழை வலுக்குமுன், புரட்டாசியில் ஒரு முறையும், அறுவடை முடிந்து கரைகள் காய்ந்த பின் மாசியில் ஒரு முறையும் இவ்வாறு பார்ப்பது போதுமானது. மூங்கில் துண்டுகளை வண்டியின் கருவிப் பையிலேயே வைத்துக் கொள்ளலாம்.